மெதுவாக வளரும் நிறச்செடிகள்: திருகோணமலை மீன்தொட்டிகளுக்கான கேள்வி பதில்

உப்புவெளி: அண்ணா, கிரிப்டோகொரைன் வெண்டி பிரவுண் எண்ட நீர்ச்செடிய நட்டு ஒரு கிழமைக்குள்ள இலையெல்லாம் கூழாப் போச்சு. எறியட்டா?

பதில்: எறியாதீங்க தம்பி. நீரின் கடினம் (கரைந்த சுண்ணாம்பு போன்ற உப்புகள்), சூடு, ஒளி எது சட்டென்று மாறினாலும் கிரிப்டோ இலையைக் கழற்றிவிடும். கடைக்கு வருபவை பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை. அந்த இலை நீருக்குள் நிலைக்காது. கூழானதை அடியோடு வெட்டி எடுங்க, விட்டால் அமோனியா ஏறும். கிழங்கு கெட்டியாக இருந்தால் 3, 4 கிழமையில் துளிர் வரும். அதுவரை இடம் மாற்றவே வேண்டாம். வேரருகே 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் உர மாத்திரை ஒன்று வையுங்க. 3 மாதத்துக்கு அது காணும். வெண்டி இலங்கைச் செடிதான். அதற்காக ஓடையில் கண்டதைப் பிடுங்கக் கூடாது. நம் கிரிப்டோக்களில் பல வேறெங்கும் இல்லாதவை, அருகியும் வருகின்றன. கடையில் திசு வளர்ப்புச் செடி (ஆய்வுகூடத்தில் வளர்த்தது) கேளுங்க.

நிலாவெளி: கிணத்துத் தண்ணியும் கடற்கரை மணலும் பாவிக்கலாமோ?

பதில்: ஒரு கரண்டி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்க. நுரைத்தால் அதில் சிப்பித்தூள் இருக்கு. தொட்டியில் கடினமும் பிஎச்சும் (அமில, கார அளவு) ஏறிக்கொண்டே போகும். கழுவிய ஆற்றுமணல் நல்லது. கிணறு உவர் என்றால் தொடவே வேண்டாம். நன்னீர் ஆனால் கடினம் என்றால் மழைநீரைப் பாதிக்குப் பாதி கலவுங்க.

கிண்ணியா: கச்சான் காத்து நேரம் தண்ணி 31 பாகை. புசெபலண்ட்ரா உருகுது. தண்ணி குளிராக்குற சில்லர் வாங்க வசதியில்ல அண்ணா.

பதில்: போர்னியோ ஓடைப் பாறைகளில் வளர்கிற செடி, 28 தாண்டினால் வாடத் தொடங்கும். மூடியைக் கழற்றி வலை போடுங்க, மீன் பாயும். 12 வோல்ற் கணினி ஃபேன் ஒன்றைச் சாய்த்து, காற்று நீர்மட்டத்தை உரசிப் போகும்படி பூட்டுங்க. கச்சான் காற்று உலர்ந்தது, ஆவியாதல் நன்றாக நடக்கும். 2, 3 பாகை இறங்கும். மாரியில் ஈரக்காற்று, இவ்வளவு இறங்காது. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் கடினம் மாதாமாதம் கூடும். மாரியில் பிடித்து வைத்த மழைநீர், இல்லாவிட்டால் ஆர்ஓ நீர் (வடிகட்டி உப்பு நீக்கியது) விடுங்க. விளக்கை மாலை 5 முதல் 11 வரை மாற்றுங்க, பகல் சூட்டோடு விளக்குச் சூடும் சேராது. உருகிய கிழங்கில் மென்மையான பகுதியை பிளேட்டால் நறுக்கிவிட்டு, கெட்டியான துண்டைக் கல்லில் கட்டி, பில்டர் நீர் மெல்ல அடிக்கிற இடத்தில் வைங்க.

மூதூர்: வெண்டிக்குச் சிவப்பு வரேல்ல. இரும்பு உரத்தை ரெண்டு மடங்கா விடுறன்.

பதில்: நிறுத்துங்க தங்கச்சி. இரும்புக்குறை என்றால் புதுத்துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இல்லையென்றால் கூடுதல் இரும்பால் பயனில்லை. வெண்டியின் செம்மை ஒளியில்தான் இருக்கு, நிழலில் அது பச்சைதான். அனுபியாஸ் என்ற பச்சைச்செடி எவ்வளவு செய்தாலும் சிவக்காது. உண்மையான சிவப்பு வேண்டுமென்றால் அல்டர்னந்திரா ரைனெக்கி மினி, அதற்குக் காபனீரொட்சைட்டும் நல்ல ஒளியும் வேணும். விளக்கை 6 மணித்தியாலத்தில் தொடங்கி, கிழமைக்கு அரை மணி கூட்டி, 8இல் நிறுத்துங்க. திரவ உரம் போத்தலில் சொன்ன அளவில் பாதி. மெதுவாக வளரும் செடிகள் கொஞ்சமாகத்தான் எடுக்கும். மிச்சம் பாசிக்குப் போகும்.

பாலையூற்று: அனுபியாஸ் இலையில பச்சைப் புள்ளி தேய்ச்சாலும் போகுதில்ல.

பதில்: அந்த இலை மாதக்கணக்கில் நிற்பதால் பாசிக்கு வசதி. ஒளியைக் குறைத்து நிழற்பக்கம் மாற்றுங்க. பொஸ்பேற் பற்றாமலும் இது வரும், சோதித்துப் பாருங்க. மிக மோசமான இலைகளை வெட்டலாம், ஒரே நாளில் மூன்றிலொன்றுக்கு மேல் வேண்டாம். நெரைட் நத்தை இரண்டு விட்டால் மிச்சத்தைச் சுரண்டும்.

சீனக்குடா: அனுபியாஸ், புசெபலண்ட்ராவக் கல்லுல சுப்பர் குளூவால் ஒட்டலாமா?

பதில்: ஒட்டலாம், ஜெல் வகை. கிழங்கின் அடியில் ஒரு துளி. இவற்றின் கிழங்கை மணலில் மட்டும் புதைக்காதீங்க, அழுகும்.