குழந்தைக்கான ஜீவனாம்சம் ஒன்றரை வருடமாக வரவில்லை. குழந்தையின் அப்பா ஜெயிலுக்குப் போய்விட்டால் பாக்கி கழிந்துவிடுமா?

கழியாது. "அவன் ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்துவிடுவான், உனக்கு ஒரு பைசா தேறாது" என்று என் முன்னாள் கணவர் வீட்டிலும் சொல்லிப் பார்த்தார்கள். சிறை என்பது பணத்தைக் கட்ட வைக்கும் வழி மட்டும்தான், கடன் அதனால் தீராது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது அந்த ஒன்றரை வருடம்தான். ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு 2024 ஜூலையிலிருந்து பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வாரண்ட் (பாக்கியை வசூலிக்க நீதிமன்றம் தரும் ஆணை) கேட்டு மனு போட வேண்டும் என்ற விதி மாறவில்லை. இன்று போனால் கடைசி 12 மாதத்துக்கு வாரண்ட் கேட்கலாம். அடுத்த மாதம் போனால் அதில் ஒன்று கைநழுவும்.

அதற்காக முந்தைய ஆறு மாதப் பணம் போயே போச்சு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், இந்தக் கெடு வாரண்ட் வழிக்கு மட்டும்தான், பணத்தைப் பெறும் உரிமை போகாது, சிவில் முறையில் வசூலிக்கலாம் என்றது. முதல் மனு நிலுவையில் இருக்கும்போது சேரும் பாக்கியை அதன் தொடர்ச்சியாகவே கேட்கலாம் என்பதும் அதே தீர்ப்புதான். ஆக, முதல் மனுவை உடனே போட்டுவிடுங்கள்.

அவர் சம்பளக்காரர் என்றால் உங்கள் கை ஓங்கும். ஜீவனாம்ச உத்தரவை சிவில் டிக்ரி (சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணை) போலவே நிறைவேற்றலாம் என்று 2020 தீர்ப்பு ஒன்று இருக்கிறது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது; ஜீவனாம்சத்துக்கு மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதியை ஜப்தி செய்யலாம். என் விஷயத்தில் வாய்தா வாய்தாவாக இழுத்தவர், அவருடைய கம்பெனி முகவரியை வக்கீல் மனுவில் சேர்த்த பிறகுதான் பணம் கட்ட ஆரம்பித்தார். சொந்தத் தொழில் செய்பவர் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். வண்டி நம்பர், வங்கிக் கணக்கு என்று நீங்களே விவரம் திரட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வக்கீல் ஃபீஸுக்கு யோசிக்கிறீர்களா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது உத்தரவின் சான்றிட்ட நகலும், பணம் வராத மாதங்கள் தெரிகிற பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும்.