சந்துக்கு யார் படம் வரைவது?

அன்புள்ள அக்காவுக்கு,

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் குழுக்கள் தினமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. போன மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து வந்து, ‘நீடித்த சுற்றுலாத் திட்டம் போடுகிறோம், மக்கள் கருத்து வேண்டும்’ என்று கூட்டம் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு. வந்தவர்கள் பதினைந்து பேர், அதில் பெண்கள் மூன்றே பேர். எந்தச் சந்து வழியாக நடப்பது, எங்கே கடை, எங்கே பலகை என்று முன்பே வரைந்து வைத்திருந்த படத்தைச் சுவரில் காட்டினார்கள். ஆங்கிலத்தில் பேசினார்கள், இடையிடையே கொஞ்சம் மராத்தி. கடைசியில் நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. சுற்றுலாவே வேண்டாம் என்று எதிர்ப்பதா, நாலு பேருக்கு வருமானம் வருமே என்று பேசாமல் இருப்பதா?

- தாராவியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் உறுத்தல் நியாயமானது. நீங்கள் போட்டது வந்ததற்கான கையெழுத்து. அறிக்கையில் அது ‘மக்கள் ஒப்புதல்’ என்று ஏறிவிடலாம். அதனால் முதல் வேலையாக, ‘கூட்டத்துக்கு வந்தோம், திட்டத்துக்குச் சம்மதம் தரவில்லை’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மக்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக 1969-லேயே வகுத்துக் காட்டினார் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி. தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. ஆறாம் படிக்கு ஏறினால்தான் முடிவெடுப்பதில் மக்களுக்குப் பங்கு கிடைக்கிறது. கருத்துக் கேட்கிறோம் என்று உங்களைக் கூப்பிட்டு, மூன்றாம் படியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

என் அத்தை தாராவியில் பாப்பட், அதாவது அப்பளம், தேய்த்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். கவிழ்த்துப் போட்ட பிரம்புக் கூடையின் மேல் பாப்பட் காயும். அவள் சந்தில் வெயில் இறங்குவது காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, அதுவும் நாலு கூடை அகலத்துக்கு. சுற்றிக்காட்டும் குழுக்கள் வருவதும் அதே நேரத்தில்தான். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது எட்டுப் பேர் வந்தார்கள். அத்தை கூடையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒண்டி நின்றாள். பாதி காய்ந்த பாப்பட் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வந்தவர்களில் ஒருவர் அவளைப் படம் எடுத்தார், சிரித்து நன்றியும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பாதையை அந்த நேரத்துக்குப் போட்டவர் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. பத்துக்குப் பத்து வீட்டுக்காரர்களுக்குச் சந்துதான் திண்ணை, சமையலறை, காயப்போடும் மாடி எல்லாம்.

அதற்காகச் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தாராவியிலேயே உள்ள கும்பார்வாடாவில் வருகிறவர்கள் குயவர்களின் கையிலிருந்தே விளக்கும் சட்டியும் வாங்குகிறார்கள், நடுவில் வியாபாரி இல்லை. நம் கதையை நாமே சொல்லவும் அது ஒரு வாய்ப்பு. சேரி என்ற ஒரே வார்த்தையோடு வருகிறவரிடம், பெரிய மசூதி 1887-லும் கணேசர் கோயில் 1913-லும் வந்தவை, தோல் பதனிட வந்த நம் தாத்தாக்களின் காலம் அது என்று உங்கள் சந்துப் பையன் சொன்னால், பார்க்கிற கண்ணே மாறும்.

தேக்கடியைப் பாருங்கள். பெரியாறு காட்டில் வயணப் பட்டையை, அதாவது காட்டு இலவங்கப் பட்டையை, திருட்டுத்தனமாக உரித்து விற்று வழக்குகளில் சிக்கியிருந்தவர்களை, 1990களின் பிற்பகுதியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசியது. இன்று காட்டுக்குள் பயணிகளை அழைத்துப் போகிறவர்களில் அவர்களும் உண்டு. எந்தத் தடத்தில் யானை இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வசந்தசேனை என்ற பெயரில் பெண்கள் 2002 முதல் கூலி வாங்காமல் காடு காக்கிறார்கள். அங்கே இடம் தெரிந்தவர்கள் கையில் வேலை வந்தது. உங்கள் திட்டத்தில் உங்களுக்கு ஒதுக்கியிருப்பது கடையும் பலகையும்தான்.

எத்தனை பேர் வரலாம் என்பதும் முக்கியம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதால். மூன்றடிச் சந்துக்காக யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை. அந்த அளவை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: ஒரு தடவைக்கு எத்தனை பேர், எந்த நேரம், படம் எடுக்க யாரைக் கேட்பது, வருகிற பணத்தில் சந்துக்கு எவ்வளவு, சரிப்படாவிட்டால் நிறுத்தும் உரிமை யாருக்கு. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத தாளில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டம் ஞாயிறு சாயங்காலம் நடக்கட்டும். தமிழிலும் பேசட்டும்.

இதற்கெல்லாம் நமக்கு வழிகாட்ட வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த ஜோக்கின் அற்புதம், குடிசைவாசிகள் தங்கள் வீடுகளைத் தாங்களே எண்ணிக் கணக்கெடுக்கப் பழக்கினார். அந்தக் கணக்கோடுதான் அதிகாரிகள் முன் போய் உட்கார்ந்தார். 2000-இல் மகசேசே விருது பெற்றவர், 2018-இல் காலமானார். அவர் முன்னின்று நடத்திய கணக்கெடுப்புகளைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், விசாரியுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் சந்தின் படத்தை நீங்களே வரைந்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம், கழிப்பறை வரிசை நிற்கும் இடம், கூடை காயும் இடம், பிள்ளைகள் படிக்கும் படிக்கட்டு, யாரும் நுழையக் கூடாத மூலை. முதலில் பெண்கள் வரையட்டும், ஆண்கள் பிறகு சேர்க்கட்டும். வருகிற ஞாயிறு நானும் வருகிறேன். சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வந்துவிடுவேன். அத்தையையும் கூட்டி வருகிறேன், வெயில் விழும் இடத்தை அவள் குறிப்பாள்.

அன்புடன்,
அக்கா