தலைப்பு இழந்த எண்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரு ஸ்டார்ட்-அப்பில் ஏஐ பொறியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நீங்களும் இதே துறையில் இருந்துகொண்டு எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். கேள்விக்குப் பதில் எழுதும் ஏஐ மாடல் எதையும் நான் உருவாக்கவில்லை. யாரோ உருவாக்கியதற்கு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளை வாசகம் (பிராம்ப்ட்) எழுதுகிறேன், பதில் சரியில்லை என்றால் வாசகத்தைத் திருத்துகிறேன். இதுவா பொறியியல்? படித்த கணிதம் எதற்கும் உதவவில்லை. பெரிய பதவிப் பெயரை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுவது போலிருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மாடலை நீங்கள் உருவாக்கவில்லை என்ற வருத்தத்தை முதலில் விடுங்கள். 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற மாடலுக்கே 17,500 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் சரிசெய்யப்படும் எண்கள். அந்த அளவில் ஒன்றைப் பயிற்றுவிக்கும் செலவைச் சிறிய நிறுவனம் தாங்குவது கடினம். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்ததே 2022 நவம்பர் 30 அன்றுதான். நம் வேலைக்கு இன்னும் மூத்தவர்கள் உருவாகவில்லை. அறிவுரை சொல்லும் நானும் உங்களுக்குச் சில வருடம் முன்னால் தடுக்கி விழுந்தவன், அவ்வளவே.

கட்டளை வாசகத்தில் பெரிய வித்தை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வித்தை வேறிடத்தில் இருக்கிறது. அதை நான் கற்றது ஓர் அவமானத்தில்.

ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் விதிமுறை ஆவணங்களிலிருந்து பதில் சொல்லும் சாட்பாட் செய்தோம். முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஆவணங்களைத் துண்டுகளாக வெட்டிவைத்து, கேள்விக்கு நெருக்கமானவற்றைத் தேடியெடுத்து மாடலிடம் கொடுப்பது. முதலீட்டாளர்களுக்குக் காட்டியபோது ஒரு பிசகும் இல்லை. (கேள்விகள் ஆறும் நாங்களே தேர்ந்தெடுத்தவை. பிசகியிருந்தால்தான் அதிசயம்.) பயனர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு, மின்சாதனங்களைத் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்ற கேள்விக்கு ஒருவரிடம் 7 என்றது, இன்னொருவரிடம் 30 என்றது. இரண்டையும் ஒரே பணிவோடு சொன்னது.

இரண்டு வாரம் மாடலைத் திட்டினோம். ‘ஆவணத்தில் இல்லாததைச் சொல்லாதே’ என்று எழுதினேன். மறுநாள் அதன் முன்னால் ‘கண்டிப்பாக’ சேர்த்தேன். பதில் எவ்வளவு மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் ‘டெம்ப்பரேச்சர்’ என்ற அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். தவறான பதிலை மாற்றாமல் சொல்ல ஆரம்பித்தது. விலை கூடிய மாடலுக்கு மாறினோம். நடை மெருகேறியது, பதில் அதே 30.

வேறு வழி தோன்றாமல் ஒரு மாலையில், மாடலுக்குள் போன துண்டுகளை அச்செடுத்துப் படித்தேன். அட்டவணையின் நடுவில் வெட்டு விழுந்திருந்தது. எந்தப் பொருளுக்கு என்று சொல்லும் தலைப்பு வரி முந்தைய துண்டோடு போய்விட்டது. மாடலின் கையில் இருந்தவை வெறும் எண்கள்: 7, 15, 30. அதை என்னிடம் கொடுத்திருந்தால் நானும் ஏதோ ஒன்றைத்தான் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு எண்ணோடும் அதன் தலைப்பு சேர்ந்தே வரும்படி அட்டவணையை மாற்றி எழுதினோம். அரை நாள் வேலை.

இது சில்லறைத் தவறு என்று தோன்றலாம். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் பயணி ஒருவருக்குத் தவறான கட்டண விதியைச் சொன்ன வழக்கில், அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024இல் முடிவு செய்து, இழப்பீடு தரச் சொன்னது.

கணிதத்துக்கு வருகிறேன். உங்களிடம் 40 சோதனைக் கேள்விகள் இருக்கின்றன, வாசகத்தைத் திருத்தியதும் சரியான பதில்கள் 34இலிருந்து 36 ஆகின்றன என்று வையுங்கள். அலுவலகமே கைதட்டும். அது முன்னேற்றமா, தற்செயலா? 40 கேள்விகளில் இரண்டு என்ற வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது நீங்கள் படித்த புள்ளியியல்தான். அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்கிற ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை. சொன்னால் முகம் சுளிப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லாததைக் கவனித்தேன்: சோதனை. பதிலைப் பார்த்து வாசகத்தைத் திருத்துவதாகச் சொல்கிறீர்கள். எத்தனை பதில்களைப் பார்த்து? பயனர்கள் உண்மையில் கேட்டவற்றிலிருந்து நூறு கேள்விகளை எடுத்து, சரியான பதிலை நீங்களே கையால் எழுதி வையுங்கள். அலுப்பான வேலை. மூன்று நாள் ஆகும், யாரும் பாராட்ட மாட்டார்கள்.

என்னிடம் அப்படி 120 கேள்விகள் இருக்கின்றன. நாங்கள் பயன்படுத்தும் மாடலை நிறுத்தப்போவதாக நேற்று அறிவிப்பு வந்திருக்கிறது. நாளை காலை புதியதை வைத்து அத்தனையையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.