ஒரே கோப்பைப் பல போன்களில் பிரித்து வைப்பது ஏன்?

போன்கள் தங்களுக்குள்ளேயே இணைந்து நடத்தும் கம்பியில்லா வலையமைப்பில் சர்வர் கிடையாது, போன்களே சேமிப்பறை. சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு ஒருவர் எம்ஆர்டி ரயில் ஏறினால், அவரிடம் இருந்த தரவும் கூடவே போய்விடும். சரி, எல்லாருக்கும் முழு நகல் கொடுத்தால்? ஒரு போன் திருடுபோனாலே எல்லாம் அம்பலம்.

அதனால்தான் பிரித்து வைக்கிறார்கள். வீட்டு லாக்கர் எண் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு 7 தெரியும், தம்பிக்கு 5, அக்காவுக்குக் கூட்டுத்தொகை 12 மட்டும். ஒருவர் ஜோகூர் போயிருந்தாலும் மற்ற இருவர் கணக்குப் போட்டுத் திறந்துவிடலாம், தனியாளால் முடியாது. அண்ணனுக்குப் பாதி தெரிந்துவிடுகிறதே என்றால், நியாயம்தான். அந்தப் பாதியும் கசியாத கணக்கைக் கணினி அறிஞர் அடி ஷமீர் 1979-இல் வெளியிட்டார்.

கோப்பை வெறுமனே துண்டாக்கினாலே பூட்டியாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் துண்டில் வரிகள் அப்படியே படிக்கக் கிடைக்கும்.