புத்ரா ஹைட்ஸில் எரிந்ததும் நம் வீட்டுத் தோம்பில் இருப்பதும் ஒரே கேஸா?

கேள்வி: 2025 ஏப்ரல் 1 அன்று சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் குழாய் வெடித்து எரிந்தது இயற்கை எரிவாயு என்கிறார்கள். எங்கள் தோட்டத்து லய வீட்டுத் தோம்பில் (சிலிண்டரில்) இருப்பதும் அதுதானா? அம்மா அடுப்பு பற்றவைக்கவே பயப்படுகிறார்.

பதில்: இல்லை, இரண்டும் வேறு. எல்லாவற்றையும் "கேஸ்" என்றே சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது.

குழாயில் ஓடுவது பெரும்பாலும் மீத்தேன். தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி, அதாவது திரவமாக்கிய பெட்ரோலிய வாயு. இந்தக் கலவை நம் ஊர் வெயிலிலும் சில பார் அழுத்தத்திலேயே (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்) திரவமாகிவிடும். அதனால்தான் 14 கிலோ ஒரு தோம்பில் அடங்குகிறது. தூக்கி ஆட்டினால் தளும்புவதும் அந்தத் திரவம்தான். மீத்தேனை மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே குளிர்விக்காத வரை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. ஆகவே அது திரெங்கானு கெர்த்தேயிலிருந்து தீபகற்பம் நெடுகக் குழாயில் வரவேண்டும். இல்லாவிட்டால் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து, 600-ல் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலேற்ற வேண்டும். சரவாக் பிந்துலுவிலிருந்து ஜப்பானுக்கு 1983 முதல் போவது அப்படித்தான்.

பெரிய குழாயில் அழுத்தம் பல பத்து பார். இரு பக்க வால்வையும் மூடினாலும் இடையில் சிக்கிய வாயு எரிந்து தீர வேண்டும். புத்ரா ஹைட்ஸில் தீ மணிக்கணக்கில் நின்றது அதனால். உங்கள் ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்புக்கு வருவதோ ஏறத்தாழ 30 மில்லிபார், ஒரு பாரில் நூற்றுக்கு மூன்று பங்குதான். ஒப்பிடவே முடியாது.

அதற்காகத் தோம்பு சாது என்று நான் சொல்லவில்லை. கசிவு என்று வந்தால் வீட்டுக்குள் எல்பிஜிதான் மோசம். மீத்தேன் காற்றில் பாதி எடைதான் இருக்கும். மேலே ஏறித் தகரக் கூரை இடுக்கில் போய்விடும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். பல லயங்களில் சமையலறை ஒரு படி இறங்கி இருக்கும்; அந்தப் பள்ளத்திலும் பாத்திரம் கழுவும் வடிகாலிலும் அது தேங்கும். மேல் சன்னலைத் திறந்து பயனில்லை, பின்கதவைத் திறக்க வேண்டும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மீத்தேனுக்கு 5 சதவீதம் வேண்டும்.

தோம்பு மாற்றும்போது முதலில் வால்வு வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். விரிசல் விட்டிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ தோம்பைத் திருப்பி அனுப்புங்கள். ரெகுலேட்டரை மாட்டி, அடுப்பின் திருகை மூடி வைத்துக்கொண்டு, சோப்பு நுரையை வால்வு, ரெகுலேட்டர், ரப்பர் ஹோஸின் இரு முனை என்று தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. பெரும்பாலும் அடுப்புப் பக்க முனையில்தான் வரும். சூடு பட்டு ரப்பர் இறுகி, மடக்கினால் மயிரிழை வெடிப்பு தெரியும். டேப் சுற்றாதீர்கள், ஹோஸையே மாற்றுங்கள். கடைசிச் சொட்டுக்காகத் தோம்பைப் படுக்க வைப்பதும் கூடாது, திரவமே வெளியே வந்துவிடும். நாற்றம் வந்தால் விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

நாளை கோலாலம்பூர் பக்கம் அடுக்குமாடிக்குக் குடிபோனால் இந்த அடுப்பை அப்படியே குழாயில் மாட்டாதீர்கள். ஒரு கன மீட்டர் எல்பிஜியில் இயற்கை எரிவாயுவைப்போல் சுமார் இரண்டரை மடங்கு வெப்பம் உண்டு. அதனால் எல்பிஜி அடுப்பின் நாசில் (கேஸ் வெளிவரும் முனை) துளை சிறியது. அதில் மீத்தேனை விட்டால் தீ சோம்பி எரியும். மாறாக, இயற்கை எரிவாயு அடுப்பில் எல்பிஜியை விட்டால் மஞ்சள் தீ எழுந்து சட்டியில் கரி பிடிக்கும். ஊசியால் துளையைப் பெரிதாக்குகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். குழாயில் வருவதெல்லாம் இயற்கை எரிவாயுவும் அல்ல, சில கட்டடங்களில் எல்பிஜியையே குழாயில் விடுகிறார்கள். மேனேஜ்மெண்ட் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிலோவுக்கு 1 வெள்ளி 90 சென் என்றால் 14 கிலோவுக்கு 26 வெள்ளி 60 சென். தோட்டத்துக்கு வரும் லோரியில் தராசு இருந்து பார்த்ததுண்டா? வெறும் தோம்பின் எடை கழுத்தில் பொறித்திருக்கும். அதோடு 14-ஐக் கூட்டி, வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள்; அதைவிடக் குறைந்தால் கொடுத்த காசுக்குக் கேஸ் குறைவு. எல்லாக் கடைக்காரரையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.