தட்டட்டியில் ஏறினால்தான் டவர்: கேள்வி-பதில்

நான் போன் விற்பவனும் இல்லை, பழுது பார்ப்பவனும் இல்லை. பாளையங்கோட்டையில் வீடு, இரண்டு சிம், ஒரு பைபர் இணைப்பு, மாதா மாதம் பணம் கட்டுகிற ஆள். கட்டிய காசுக்குக் கணக்குக் கேட்கிற பழக்கம் மட்டும் உண்டு. இந்த முறை வந்தவற்றில் 'எந்த போன் வாங்கலாம்' என்பதே அதிகம். அதற்கான பதில் பல சமயம் போனில் இருப்பதில்லை. ரீசார்ஜ் பட்டியலிலும் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. அதனால் அந்தக் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, அம்மா முக்கூடலில் தனியாக இருக்கிறார்கள். பட்டன் போன்தான். சென்னையில் இருந்து நான் 28 நாளைக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்கிறேன். தினமும் ஒன்றரை ஜிபி டேட்டா யாருக்கும் பயனில்லாமல் போகிறது. டச் போன் வாங்கிக் கொடுத்துவிடலாமா?

பதில்: டேட்டா வீணாகிறதே என்று போன் வாங்குவது, மோர் மிஞ்சுகிறதே என்று விருந்து வைப்பது மாதிரி. அம்மா கேட்டார்களா என்று முதலில் பாருங்கள். கேட்கவில்லை என்றால் பட்டன் போனே இருக்கட்டும், பேக்கை மட்டும் மாற்றுங்கள்.

2024 டிசம்பரில் டிராய் (போன் கம்பெனிகளை மேய்க்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதியைத் திருத்தியது. பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும். அதே திருத்தத்தில் இந்த மாதிரி சிறப்புப் பேக்குகளின் கால வரம்பும் 90 நாளில் இருந்து 365 நாளாக ஏறியது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் டேட்டா இல்லாத பேக்குகள் வந்துவிட்டன. ஆனால் ஆப்பைத் திறந்ததும் அது கண்ணில் படாது. முதலில் வருவதெல்லாம் சினிமா, கிரிக்கெட், தினம் 2 ஜிபி. விரலால் தள்ளிக்கொண்டே போனால் 'வாய்ஸ்', 'வேல்யூ' என்று ஏதாவது ஒரு பெயரில் கடைசியில் ஒளிந்திருக்கும். கடைக்காரரிடம் "நெட் வேண்டாம், பேச மட்டும்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் எடுத்துத் தருவதில்லை.

28 நாள் பேக்கில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வருடத்துக்கு 12 மாதம், ஆனால் ரீசார்ஜ் 13. 30 நாள் பேக் ஒன்றும், மாதா மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022-லேயே டிராய் சொல்லிவிட்டது. அதையும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பத்தமடையில் என் சித்தி ஒருத்தி இருக்கிறாள். அவள் போனின் பின்மூடி கழன்று விழும் என்பதால் ரப்பர் பேண்டு போட்டிருப்பாள். மடியில் சுளகு, சுளகில் பீடி இலை, ஓரத்தில் அந்த போன். பேக் முடிகிற தேதியை நாள்காட்டித் தாளில் சுழித்து வைப்பாள். ஒருமுறை அந்தத் தாளை யாரோ கிழித்து மளிகைக் கணக்கு எழுதிவிட்டார்கள். பேக் தீர்ந்து, உள்ளே வருகிற அழைப்பும் நின்றுபோய், சவூதியில் இருக்கிற மகன் இரண்டு நாள் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுவிட்டான். அன்றைக்கே ஒரு வருடப் பேக் போட்டோம். மொத்தமாகக் கொடுக்கிறபோது கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. 13 தடவை கொடுத்ததைக் கூட்டிப் பார்த்ததும் அந்தக் கூச்சம் போய்விட்டது.

ஒரே ஒரு எச்சரிக்கை. விலை குறைவு என்று கம்பெனி மாற்றுகிறவர்கள், அம்மாவின் பட்டன் போன் 2ஜியா 4ஜியா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. பழைய பட்டன் போனில் அந்த சிம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: களக்காடு பக்கம், மலையடிவாரம். வீட்டுக்குள் பேச முடியவில்லை, தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஏறினால்தான் டவர் கிடைக்கிறது. 5ஜி போன் வாங்கினால் சரியாகுமா? இல்லை, வேறு கம்பெனிக்கு மாறவா?

பதில்: 5ஜி போன் வாங்கினால் 5ஜி போனோடு தட்டட்டியில் ஏறுவீர்கள். டவர் தூரத்தில் இருக்கிறது என்றாலும், நடுவில் குன்று மறைக்கிறது என்றாலும் போன் என்ன செய்யும்?

கம்பெனி மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிற சொந்தக்காரர் யாராவது வந்தால் ஒரு ராத்திரி தங்கச் சொல்லுங்கள். அடுக்களையில் நின்று பேசச் சொல்லுங்கள், பட்டாசலில் (கூடத்தில்) உட்கார்ந்து ஒரு வீடியோ பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்ப்பது முக்கியம். ஊரே நெட்டைத் திறந்து வைத்திருக்கிற நேரம் அது. பகலில் ஓடியது அப்போது ஓடுகிறதா என்று தெரியும். கம்பெனிகள் காட்டுகிற வரைபடத்தில் களக்காடு முழுக்க ஒரே வண்ணமாகத்தான் இருக்கும். உங்கள் அடுக்களை அதில் தெரியாது.

சோதித்து மாறுவதாக முடிவு செய்தால் முறை எளிது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணையும் அடித்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். (அதற்கும் தட்டட்டிக்குத்தான் ஏற வேண்டும், என்ன செய்ய.) ஒரு குறியீடு வரும். நான்கு நாள்தான் செல்லும், அதற்குள் புதுக் கம்பெனிக் கடைக்குப் போய்விடுங்கள். தமிழ்நாட்டுக்குள் மாற மூன்று வேலை நாள். இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்தோ கெட்டோ புது சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். உங்கள் எண்ணை வேறொருவன் திருடிக்கொண்டு போகாமல் இருக்க 2024 ஜூலையில் கொண்டுவந்த விதி அது. "உங்கள் பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை" என்று சொல்லி 1900-க்கு அனுப்ப விடாமல் தடுக்கக் கூடாது என்றும் டிராய் 2021-லேயே உத்தரவு போட்டிருக்கிறது.

வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் மாறவே வேண்டாம். போன் அமைப்புகளில் வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டிவிட்டால் உங்கள் எண்ணுக்கு வருகிற சாதாரண அழைப்பே வைஃபை வழியாக வரும். போனும் கம்பெனியும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இரண்டு சிம் போடுகிற போனில் இரண்டும் ஒரே கம்பெனியாக வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையும் ஜங்ஷனும் தண்ணீருக்குள் நின்றன. கரண்ட் இல்லை, டவர் ஒவ்வொன்றாகச் செத்தது. எங்கள் தெருவில் ஒரு கம்பெனி முதல் நாளே போய்விட்டது, இன்னொன்று விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு சிக்னல் கோட்டை வைத்துக்கொண்டுதான் நாலு வீட்டுக்காரர்களும் ஊருக்குத் தகவல் சொன்னோம்.

கேள்வி: என்.ஜி.ஓ. காலனியில் 100 எம்பிபிஎஸ் பைபர் எடுத்திருக்கிறோம். மாடி அறையில் சோதித்தால் 8 காட்டுகிறது. ஒரு படம் இறக்கினால் நொடிக்கு ஒரு எம்பிதான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு கணக்கைப் பிரித்துக்கொள்வோம். கம்பெனி சொல்கிற 100 என்பது மெகாபிட். நீங்கள் இறக்குகிற படம் மெகாபைட்டில் வரும். எட்டு பிட் ஒரு பைட். ஆக 100 முழுசாக வந்தாலே நொடிக்கு பன்னிரண்டரை எம்பிதான். உங்களுக்கு 8 வருகிறது, எட்டால் வகுத்தால் ஒன்று. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, பைப்பில்தான் தண்ணீர் குறைவு.

பைப் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க, ஒரு லேப்டாப்பை லேன் வயரில் நேராக ரூட்டரில் சொருகிச் சோதியுங்கள். அங்கே 90-க்கு மேல் வந்தால் கம்பெனி மேல் குற்றம் இல்லை, உங்கள் வீடுதான் குடிக்கிறது. எங்கள் வீட்டில் ஆறு மாதம் நான் கஸ்டமர் கேரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்த லைன்மேன் தம்பி ஒன்றும் பேசாமல் ரூட்டரை எடுத்து, ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் இருந்து பட்டாசல் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனான். மூன்று மடங்கு ஏறியது. இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி, பழைய வீட்டு ஒன்றரை அடிச் சுவர் மூன்றும் வைஃபைக்கு ஆகாது.

ரூட்டரில் இரண்டு அலைவரிசை வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டினால் சுருண்டுவிடும். மாடியில் இருப்பவர் 5-ஐப் பிடித்துக்கொண்டு அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் 'ரிப்பீட்டர்' வாங்கச் சொல்வார்கள். விலை குறைந்த ரிப்பீட்டர் தனக்கு வந்த வேகத்தில் பாதியைத்தான் திருப்பித் தரும். மாடிக்கு ஒரு லேன் வயர் இழுத்து, அங்கே இன்னொரு ரூட்டர் வைப்பது ஒரு நாள் தூசி, அப்புறம் நிம்மதி.

வயரிலேயே 20, 30 என்று வந்தால் விடாதீர்கள். புகார் எண் வாங்குங்கள், சோதனைப் படத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் வேகத்தைப் பேசிப் பயனில்லை, வயரே அறுந்திருக்கிறது. எங்கள் தெருவில் அதற்கு வழக்கமான காரணம் அணில். ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுவது அடுத்தது.

கேள்வி: 8 பிளஸ் 8, மொத்தம் 16 ஜிபி ரேம் என்று டவுனில் ஒரு கடையில் போன் காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: 8 ஜிபி போன் வேண்டும் என்றால் வாங்குங்கள். மீதி எட்டு, போனின் சேமிப்பில் இருந்து கடன் வாங்கியது, ரேம் அளவுக்கு வேகமும் கிடையாது. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் படியில் தொங்குகிறவரையும் சீட்டுக் கணக்கில் சேர்த்தால் எப்படி!

கேள்வி: பழைய போன் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. பில் இல்லை. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பில் இல்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இருந்தாலும் வாங்கத்தான் போகிறீர்கள், தெரியும். கடையிலேயே *#06# அடியுங்கள், அந்த போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது என்று எது வந்தாலும் போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். திருட்டுப் போனை நாடு முழுக்க எல்லாக் கம்பெனியிலும் ஒரே நேரத்தில் முடக்குகிற ஏற்பாடு 2023-இல் இருந்து இருக்கிறது. இன்று வேலை செய்வது நாளை வெறும் கண்ணாடித் துண்டாகிவிடும். விற்பவர் தன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து தரட்டும்.

உங்கள் போன் தொலைந்தாலும் வழி இதுவே. போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கச் சொல்லலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அதிலேயே பார்க்கலாம். நான் பார்த்தபோது எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. 'என் எண் இல்லை' என்று தட்டிவிட்டேன்.

கேள்வி: வள்ளியூர். ஆன்லைனில் வாங்கிய போனில் இரண்டே மாதத்தில் திரையில் பச்சைக் கோடு. சர்வீஸ் சென்டரில் 'தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி இல்லை' என்கிறார்கள். தண்ணீரே படவில்லை.

பதில்: வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் சென்டர் தருகிற பழுதுச் சீட்டில்) என்ன எழுதியிருக்கிறது, எந்த இடத்தில் தண்ணீர் பட்ட அடையாளம் என்று படத்தோடு கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். இறங்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

ஆணையம் என்றதும் வக்கீல், வாய்தா என்று பயப்படுகிறார்கள். 2019 சட்டத்தில் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் உங்களுக்கு திருநெல்வேலிதான். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டில் இருந்தே பதியலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டெலிபோன் கம்பெனி மீதும் போடலாமா என்ற சந்தேகத்தை 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது, போடலாம். பெட்டி, பில், ஜாப் ஷீட், மெயில் நான்கையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் மூன்று பேர்.

கேள்வி: ஒரு ரூபாய்க்கு ஒரு மாதம் படம் பார்க்கலாம் என்று சேர்ந்தேன். இப்போது மாதா மாதம் பணம் போகிறது. ஆப்பை அழித்த பிறகும் போகிறது!

பதில்: எனக்கும் இதே கதை, நான்கு மாதம் போன பிறகுதான் கவனித்தேன். ஆப்பை அழித்தால் படம்தான் நிற்கும். அன்றைக்கு யுபிஐ பின் போட்டு நீங்கள் கொடுத்த அனுமதி வங்கியில் அப்படியே இருக்கிறது. பணம் அனுப்புகிற ஆப்பில் உங்கள் படத்தைத் தட்டினால் ஆட்டோபே என்று ஒரு இடம் வரும். அங்கே அந்தப் பெயரைத் தேடி ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் அனுப்பியிருந்தார்கள். லோன் வேண்டுமா, சீட்டு விளையாடுகிறீர்களா என்று வந்த நாற்பது எஸ்எம்எஸ்ஸுக்கு நடுவில் அதுவும் கிடந்தது.