நல்லாசிரியரின் குணங்கள்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியையிடம் கேள்வி பதில்

ஏற்காட்டு மலைப் பள்ளிகளிலும் பின்னர் சேலம் நகரிலும் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்த நம் குழு உறுப்பினர், அன்பர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி (ஆத்தூர்): பணியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஆசிரியருக்கு முதலில் வேண்டிய குணம் எது, அம்மா?

பதில்: பொறுமை என்பார்கள், நான் கவனிப்பு என்பேன். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில் 'கொள்வோன் கொள்வகை அறிந்து' கொடுக்கச் சொல்கிறது. மூன்றில் இரண்டு பெரியதா, நான்கில் மூன்று பெரியதா என்று கேட்டால் தலைகுனிந்து நிற்கும் ஒரு சிறுமி ஏற்காட்டில் என் ஏழாம் வகுப்பில் இருந்தாள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அவள் பள்ளிக்கு வராததால் தோட்டத்துக்கே தேடிப் போனேன். தாயும் மகளும் ஒரே அளவுக் கூடைகளை வைத்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். "அம்மா கூடையில் கால் பங்குதான் காலி, என் கூடையில் மூன்றில் ஒரு பங்கு காலி; அம்மாவுடையதுதான் முதலில் நிறையும்" என்றாள், பழத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. நான் வட்டங்களில் நிறைந்த பகுதியைக் காட்டிக்கொண்டிருக்க, அவள் காலி இடத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்த அன்று கரும்பலகையில் கூடை வரைந்தேன். அவளை வேறொரு பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு சொல் பேசியிருந்தாலும் அவள் எழுந்து வந்திருக்க மாட்டாள். ஒப்பிடாதீர்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): ஆசிரியராகக் கூடாதவர் யார்?

பதில்: நன்னூல் நான்கு உவமைகளைத் தருகிறது. கழற்காயை இட்ட வரிசையில் திரும்ப எடுக்க முடியாத கழற்குடம், கருக்கு மட்டையால் ஏறவிடாமல் தானாக விழும் பழத்தை மட்டுமே தரும் மடற்பனை, பஞ்சை அடைத்ததைப் போலவே சிறிது சிறிதாக வெளியே விடும் பருத்திக் குண்டிகை, நீர் வார்த்தவருக்கு அல்லாமல் அடுத்தவர் தோட்டத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. வகுப்பில் அரைகுறையாக நடத்திவிட்டு மாலை டியூஷனில் முழுமையாக நடத்துபவரை முடத்தெங்கில் சேர்ப்பேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் ஆசிரியர்கள் தனி டியூஷன் நடத்தக் கூடாது என்றே கூறுகிறது.

கேள்வி (ஓமலூர்): அதே நன்னூல் ஆசிரியரின் தகுதிகளில் 'குலன்' என்பதை முதலில் வைக்கிறதே! அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: வேண்டுமென்றே விட்டேன். வீட்டில் முதன்முதலாக எழுத்தறிந்து, என்னிடம் படித்து, இன்று அதே மலையில் ஆசிரியராக இருப்பவர்களை நான் அறிவேன். அந்தச் சொல் அவர்களுக்கு முன் நிற்காது.

கேள்வி (குகை): குலன் என்பதற்கு நல்லொழுக்கமுள்ள குடும்பம் என்று பொருள் கொள்ளலாமே?

பதில்: நூலைக் காப்பாற்றுவதற்காகப் பொருளை வளைக்க வேண்டாம். உயர்குடிப் பிறப்பு என்பதே அதன் பொருள்.

கேள்வி (ஓமலூர்): அப்படியானால் நன்னூலை எடுத்துக்காட்டுவதே எதற்கு?

பதில்: அதே நூற்பாவில் ஆசிரியருக்கு உவமையாக உள்ள நிறைகோலுக்காக, அதாவது தராசுக்காக. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில், காற்றில் தட்டு அசையக் கூடாதென்று விசிறியை நிறுத்திவிட்டு வெள்ளியை நிறுத்ததைக் கண்டேன். விடைத்தாள் திருத்தும்போது ஆசிரியருக்கு அந்த விசிறி, தாளின் மேலுள்ள பெயர்தான். அதன் பிறகு பெயரை மடித்து வைத்தே திருத்தினேன். குலத்தைத் தள்ளிவிட்டுத் தராசை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. ஒரு பிள்ளையின் தாளை அடுத்த பிள்ளையின் தாளோடு ஒப்பிட்டும் மதிப்பெண் போடாதீர்கள்.

கேள்வி (மேட்டூர்): அடியாத மாடு படியாது என்பார்கள். கண்டிப்புக்குப் பிரம்பு வேண்டாமா?

பதில்: வகுப்பில் இருப்பவை மாடுகள் அல்ல. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. சொன்ன சொல்லை மறுநாளும் மாற்றாமல் இருப்பதே கண்டிப்பு.

கேள்வி (எடப்பாடி): பிரம்பு இல்லாமல், தலையில் ஒரு குட்டு?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி (வாழப்பாடி): ஒரே ஒரு அடி, அதுவும் மெதுவாக?

பதில்: 17ஆம் பிரிவில் 'மெதுவாக' என்ற சொல் இல்லை.

கேள்வி (சங்ககிரி): தகுதித் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

பதில்: ஆசிரியர் தேர்வு வாரியத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): என் மூத்த மகள் நன்றாகப் படித்தாள். இளையவன் அவளைப் போல் இல்லை என்று அவனுடைய ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: இன்று மூன்றாவது முறையாக எழுதுகிறேன், அம்மா: ஒப்பிடாதீர்கள்.